அடிக்கு எத்தனை மைல்?

கடல் மட்டத்திலிருந்து 99 அடி. 1796இல் சென்னைக்குக் கிடைத்த முதல் கலங்கரை விளக்கத்தின் உயரம் அவ்வளவுதான். ஜார்ஜ் கோட்டையில் இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் உச்சியில் 12 தேங்காயெண்ணெய் விளக்குகளை ஏற்றினார்கள். தனியே கோபுரம் கட்டவில்லை.

கோபுரச் செலவு 1844இல் வருகிறது. கேப்டன் ஜே. டி. ஸ்மித் வடிவமைத்த டோரிக் தூண், பல்லாவரத்துக் கருங்கல், ஏறத்தாழ 75,000 ரூபாய். விளக்கு நின்ற உயரம் 117 அடி. கூடியது 18 அடி. அடிக்கு நாலாயிரத்துச் சொச்சம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.08ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தொலைவு கடல் மைலில் வரும். அப்படிப் பார்த்தால் 11½ மைல் 12½ ஆனது. ஒரே ஒரு மைல்! ஆனால் பணம் உயரத்துக்கு மட்டும் போகவில்லை. பிரதிபலிப்பான்கள் வைத்த நல்ல விளக்கும் அதில் அடக்கம்.

அடுத்த 58 அடிக்குக் கோபுரச் செலவே இல்லை. சுமார் 13 லட்சம் ரூபாயில் 1892இல் முடிந்த உயர் நீதிமன்றத்தின் பெரிய குவிமாடத்துக்கு, 1894 ஜூன் 1 அன்று விளக்கு இடம் மாறியது. 175 அடி, 15 கடல் மைல், 83 ஆண்டு உழைப்பு. சென்னையின் நான்கு விளக்குகளில் இதுவே சிக்கனமான ஏற்பாடு என்பேன். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்ட சுமார் 130 குண்டுகளில் ஒன்று நீதிமன்றச் சுற்றுச்சுவரில் விழுந்தது, விளக்கு தப்பியது.

1977 ஜனவரி 10 முதல் மெரினாவில் 57 மீட்டர் உயரத்தில் எரிகிறது நான்காவது விளக்கு. 10 நொடிக்கு 2 மின்னல். ஒளி எட்டுவது 28 கடல் மைல். அடிவானமோ 16 மைலுக்குள் முடிந்துவிடுகிறது. மிச்சம் 12 மைலைக் கப்பல்தான் ஈடுகட்ட வேண்டும்: பார்ப்பவர் கண் நீர்மட்டத்துக்கு மேல் 35 மீட்டரில் இருந்தால் 28 மைலிலேயே ஒளி தெரியும். கட்டுமரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடைக்காது.

இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத்தில் 1543இல் கட்டிய விளக்கம் கடலுக்கு மேல் 117 மீட்டர். அதில் சுமார் 40 மீட்டரைப் பாறையே கொடுத்தது. சென்னையின் தட்டையான மணற்கரையில் ஒவ்வோர் அடியையும் மனிதர்தான் எழுப்பினார்கள்.

அந்த உழைப்பின் முதல் தனிச்சின்னம் 1844ஆம் ஆண்டின் தூண். 50 ஆண்டு எரிந்து, 130 ஆண்டுக்கும் மேலாக அணைந்தபடி உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. மெரினாக் கோபுரத்தை 2013இல் மீண்டும் மக்களுக்குத் திறந்தார்கள். இந்தக் கருங்கல் தூணருகே போய் நின்று பார்க்கவும் பொதுமக்களுக்குக் குறித்த நாட்களில் வழிவிட வேண்டும்.