இன்ஜின் தாளமா, சக்கரத் தாளமா?

மெக்கானிக் "என்ன சத்தம் சார்?" என்று கேட்பார், அப்படியே போட்டுக் காட்டிவிடலாம் என்று வழியெல்லாம் வாயால் பழகிக்கொண்டே போனேன். சிக்னலில் யூ-டர்ன் அடித்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்பக்கமிருந்து 'டக் டக் டக்'. அவரோ அதைக் கேட்கவே இல்லை. "நேரா போகும்போது வருதா, வளைச்சா மட்டுமா? காலை எடுத்தா நிக்குதா? நின்ன எடத்துல ஆக்சிலரேட்டர் குடுத்தாலும் வருதா?" மூன்றே கேள்வி. பானெட்டைத் திறக்கவில்லை. குனிந்து முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். விரலெல்லாம் கறுத்த கிரீஸோடு வெளியே எடுத்துக் காட்டினார்.

கடகட, கிணுகிணு, கிரீச், ஊங் என்று சத்தத்தைச் சொல்ல நம்மிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரே 'டக் டக்' காரில் பத்து இடத்திலிருந்து வரும். அதன் குரலைவிட, அது யாருடைய தாளத்துக்கு ஆடுகிறது என்பதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

சின்னக் கணக்குதான். இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் கிராங்க் ஷாஃப்ட் நொடிக்கு 50 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியும் என்பதால், அந்த ஒரு சிலிண்டரில் கோளாறு என்றால் நொடிக்கு 25 தட்டு. அதே கார் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது, இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த சுற்றளவுள்ள சக்கரம் நொடிக்கு எட்டரைச் சுற்றுதான் சுற்றும். இரண்டையும் பிரித்தறியக் காது எண்ண வேண்டியதில்லை, கியர் போதும். 40 கி.மீ. வேகம் மாறாமல் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்தால் இன்ஜின் சுற்று ஏறும். சக்கரச் சுற்று ஏறாது. சத்தமும் சேர்ந்து விரைந்தால் கோளாறு இன்ஜின் பக்கம். இல்லாவிட்டால் சக்கரத்தின் பக்கம்.

சரி, மிதிக்கும்போது மட்டும் ஏன்? அப்போது ஏறுவது வேகம் மட்டுமல்ல, பாரமும்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் ஒரு பக்கம் சாயப் பார்க்கிறது, ஆக்சிலில் முறுக்கு விழுகிறது. சும்மா உருளும்போது தெரியாத தளர்ச்சி, இழுக்கும்போது வாய் திறக்கும்.

என் வண்டியில் வாய் திறந்தது சி.வி. ஜாயின்ட். முன்சக்கரம் இடம் வலம் திரும்பவும் வேண்டும், திரும்பிய நிலையிலேயே இன்ஜினின் இழுவையையும் வாங்க வேண்டும். ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் ஷெப்பா 1920-களில் இதற்கு ஒரு மூட்டு கண்டுபிடித்தார்: ஒரு கிண்ணம், அதற்குள் பள்ளம் வெட்டிய குமிழ், நடுவே கூண்டில் அடைபட்ட ஆறு எஃகு குண்டுகள். மேலே கிரீஸைக் காக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. ஒர்க்‌ஷாப்பில் 'பூட்' என்பார்கள். அது கிழிந்தால் சுழற்சியில் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண் உள்ளே போகும், பள்ளங்களில் குழி விழும். நேராக ஓடும்போது குண்டுகள் அதிகம் நகர்வதில்லை. ஸ்டியரிங்கை முழுக்க வளைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தில் முன்னும் பின்னும் உருளும். தேய்ந்த குழியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு 'டக்'. கிழிசல் புதிதாக இருக்கும்போதே பார்த்திருந்தால் ரப்பரும் கிரீஸும் மாற்றியிருந்தாலே போதும். நான் பார்க்கவில்லை. ஆக்சிலையே மாற்றினோம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். காலை முதல் ஸ்டார்ட்டில் கிரீச்சிட்டு அடங்குவது பெரும்பாலும் தளர்ந்த பெல்ட். காலை எடுத்தாலும் விடாமல் வண்டி வேகத்தோடு ஏறும் ஊங்காரம் வீல் பேரிங். குறிப்பிட்ட ஒரு ஆர்.பி.எம்.மில் மட்டும் தகரம் அதிர்ந்தால் எக்ஸாஸ்ட் குழாயின் ஹீட் ஷீல்டு. அந்தத் தகரத்தின் இயல்பான அதிர்வும் இன்ஜின் அதிர்வும் ஒத்துப்போகும் புள்ளி அது. ஒரு ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கினாலே பல நேரம் வேலை முடிந்தது. குளிர்ந்த இன்ஜினில் 'டிக் டிக்' என்று வந்து, சூடேறியதும் மறைந்தால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம். உலோகம் விரிந்து ஓட்டையை அடைத்துக்கொள்வதால் சத்தம் நிற்கிறது, கோளாறு அப்படியேதான் இருக்கிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள், அங்கே கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு.

எனக்குப் பிடித்தது நாக்கிங். எவர்சில்வர் தட்டில் சரளைக்கல்லைக் கொட்டியதுபோல் இருக்கும். பிளக்கில் பிறந்த தீ, சிலிண்டர் முழுக்க ஒழுங்காகப் பரவ வேண்டும். குறைந்த சுற்றில் பெரிய பாரத்தை இழுக்கச் சொன்னால், தீ எட்டுவதற்குள் ஓரத்துக் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானே ஒரேயடியாக எரிந்துவிடுகிறது. அந்த அழுத்த அலை சுவருக்குச் சுவர் மோதி, சிலிண்டரை மணிபோல் ஒலிக்கவைக்கிறது. 80 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 7,000 அதிர்வு. 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி இதற்கு மருந்தாகப் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தார். நாக்கிங் அடங்கியது, ஈயம் உலகத்தின் காற்றில் ஏறியது. இந்தியா அதை 2000-ல் விட்டொழித்தது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல்.

இப்போது இன்ஜின் பிளாக்கில் திருகப்பட்ட சின்ன சென்சார் ஒன்று அந்தச் சுருதிக்காகவே காத்திருக்கிறது. கேட்டதும் கம்ப்யூட்டர் பிளக் பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்திவிடும். அதையும் மீறி நம் காதுக்கு எட்டினால் சிலிண்டரில் கரி படிந்திருக்கலாம், பெட்ரோல் மட்டமாக இருக்கலாம், சென்சாரே போயிருக்கலாம். ஓட்டுகிறவர்மேலும் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போனேன். முதல் சில வளைவுகளுக்குள்ளேயே சரளைக்கல் கொட்ட ஆரம்பித்தது. பெட்ரோல் பங்க்கைத் திட்டிக்கொண்டே ஏறினேன். பக்கத்து சீட்டில் பேசாமல் வந்த மாமனார் கடைசியில் வாயைத் திறந்தார்: "மாப்ள, செகண்டைப் போடுங்க."

போட்டேன். நின்றுவிட்டது.