குழலுக்கேற்ற குண்டச்சு

18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்ஸில்வேனியாப் பகுதியில் ஜெர்மானிய வழிவந்த கொல்லர்கள் நீண்ட வேட்டைத் துப்பாக்கிகளைக் கையாலேயே செய்து வந்தனர். ஒரு குழலின் துவாரம் மற்றொன்றைப் போல் இராது. ஆகையால் துப்பாக்கியுடன் அதற்கென்றே வெட்டிய குண்டச்சையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஓர் இராத்தல் காரீயத்தில் எத்தனை குண்டுகள் வார்க்கலாம் என்பதைக் கொண்டே துவாரத்தின் அளவைக் குறித்தனர். குண்டு துவாரத்தினும் சற்றே சிறிதாயிருக்கும். கொழுப்புத் தடவிய துணியிற் பொதிந்து இறுக்கினால்தான் அது உட்புறத்துச் சுற்றுவரிகளைப் பற்றிச் சுழன்று நேரே செல்லும்.

காரீயம் 327 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் உருகுவது. கலப்பற்ற மெதுவான காரீயமே இக்குண்டுகளுக்கு உகந்தது. அச்சு குளிர்ந்திருப்பின் குண்டின் மேல் சுருக்கம் விழும். முதலில் வார்த்த சிலவற்றை மறுபடியும் உருக்கவேண்டியதே. உருகிய காரீயத்துக்குள் ஈரம் அகப்பட்டுவிட்டால் அது ஆவியாகிக் குழம்பை வாரி இறைக்கும்; கண் போய்விடவும் கூடும். பார்வைக்குப் பழுதற்ற குண்டினுள்ளும் பொள்ளல் இருக்கலாம். அதை அறியத் தராசே துணை.

இவற்றினும் பெரிய தீங்கு கண்ணுக்குப் புலப்படாதது. கையிலும் உடையிலும் ஒட்டும் ஈயத்தூள் வீட்டுக்குள் சென்றால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். முற்காலத்தவர் இதனை அறியாது வீட்டு அடுப்பிலேயே உருக்கினர். இன்று பழைய முறைத் துப்பாக்கிக்குக் குண்டு வார்ப்போர் காற்றோட்டமான வெளியிடத்தில், சமையலுக்கு ஆகாத தனிப் பாத்திரத்தில் உருக்கி, சோப்பினாற் கை கழுவி, உடை மாற்றிய பின்னரே வீட்டினுள் புகுதல் வேண்டும்.