உங்களுக்குத் தெரியுமா? 100 டன் எஞ்சின், 150 கிராம் பொம்மை

பாஞ்சாலங்குறிச்சிக்கு மேற்கே இருக்கிறது மணியாச்சி ரயில் சந்திப்பு. இன்று அகலப்பாதை, முன்பு மீட்டர் கேஜ். அந்த ஒரு மீட்டர் பாதைகளில் ஓடிய ஒய்.பி. ரக நீராவி எஞ்சின்களில் பல, ஜெர்மனியின் மியூனிக்கில் கிராஸ்-மாஃபெய் ஆலையில் 1950-களில் பிறந்தவை. பிறகு ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனமும் அதே ரகத்தைக் கட்டியது.

அதை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி செய்தால்? 1,372 மி.மீ. விட்டமுள்ள ஓட்டுச்சக்கரம் 16 மி.மீ. கூட வராது; ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிது! பாய்லருக்குப் பித்தளைக் குழாய். ரிவெட் தலைகளை மெல்லிய தகட்டின் பின்பக்கத்திலிருந்து ஊசிமுனையால் ஒவ்வொன்றாகக் குத்தி எழுப்ப வேண்டும். கண் வலிக்கும் வேலைதான்.

வேடிக்கை எடையில் இருக்கிறது. நீளம் 87 மடங்கு குறைந்தால் எடை 87 × 87 × 87, அதாவது 6,58,503 மடங்கு குறையும். டெண்டரோடு (நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) சுமார் 100 டன் எஞ்சின் 150 கிராம் ஆகிவிடும். அந்த எடையில் சக்கரம் தண்டவாளத்தில் எளிதில் வழுக்கும்; நிறையப் பெட்டிகளை இழுக்காது. அதனால் பாய்லருக்குள் ஈயத் துண்டுகளை ஒளித்து வைக்கிறார்கள். ஓட்டுவது குட்டி மின்மோட்டார். புகைபோக்கியில் வரும் புகை? சூடாக்கிய எண்ணெய்.

இன்னொரு சிக்கல்: இந்த அளவு மாதிரிகளுக்குக் கடைகளில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பியப் பாதையின் சுருக்கிய அளவு. நம் அகலப்பாதைக்கு 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். மீட்டர் கேஜுக்கு மட்டும் ஆயத்தமாக 12 மி.மீ. பாதை உண்டு, சுவிஸ் மலை ரயில்களின் உபயம்.