மிரளும் வண்டி மாட்டைப் பழக்குவது எப்படி?



சென்ற ஆண்டு ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். "சார், ஜோடியிலே ஒரு மாடு வயல்லே நல்லா உழுகுது. ரோட்டுக்கு வந்தா லாரியைக் கண்டதும் பள்ளத்துக்குப் பாயுது. போன வாரம் வண்டி குடை சாஞ்சு தம்பிக்குக் கை முறிஞ்சுது. சந்தையிலே தள்ளிவிடலாம்னு இருக்கேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். அந்த மாட்டின் வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. அதை வலத்தையில் பூட்டியிருந்தார். லாரி தாண்டிப் போவதும் அந்தப் பக்கம்தான். சத்தம் கேட்கிறது, வருவது என்னவென்று தெரியவில்லை. மிரளாமல் என்ன செய்யும்?

ஆகவே, மாடு மிரண்டால் முதலில் உடம்பைப் பாருங்கள். கண்ணில் பூ, காதில் உண்ணி, நுகத்தடி பட்ட கழுத்துப் புண், மூக்கணாங்கயிறு அறுத்த புண், லாட ஆணி தவறிப் பாய்ந்த குளம்பு இவற்றில் ஏதாவது இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குணப்படுத்திய பிறகே பழக்க வேண்டும். வலியோடு இருக்கிற மாட்டைப் பழக்க முடியாது.

அடுத்து, மாடு உலகத்தை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், 360 பாகையில் ஏறக்குறைய 330 பாகை பார்வைக்குள் வந்துவிடும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. ஆனால் ஆழத்தையும் தூரத்தையும் சட்டென்று அளக்கும் திறன் குறைவு. ரோட்டில் விழுந்த மர நிழல் அதற்குப் பள்ளம் மாதிரி. காதோ, நமக்குக் கேட்காத கீச்சுச் சத்தத்தையும் கேட்கும். நமக்கு ஒன்றுமில்லாதது அதற்குப் பெரிய பயம்.

அந்தச் சமயத்தில் அடித்தால் என்ன ஆகும்? 'லாரி வந்தால் முதுகில் வலிக்கும்' என்று மாடு பாடம் படித்துக்கொள்ளும். அடுத்த தடவை இன்னும் வேகமாகப் பாயும். முள் வைத்த தார்க்குச்சியை 1965-ஆம் ஆண்டு விதிகளே தடை செய்திருக்கின்றன.

இனி பழக்கும் முறை. முதல் சில நாள், ரோட்டிலிருந்து நல்ல தூரத்தில், வாகனங்கள் தெரிகிற இடத்தில் கட்டித் தீனி போடுங்கள். மாடு நிம்மதியாகத் தின்று அசை போட்டால் மறுநாள் கொஞ்சம் கிட்டத்தில் கட்டலாம். தலையைத் தூக்கிக் காதை விறைத்துக்கொண்டு தீனியை விட்டுவிட்டால், கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம், பின்னுக்குப் போங்கள்.

பிறகு கையில் பிடித்து ரோட்டோரமாக நடத்துங்கள். தினம் கால் மணி நேரம் போதும். அதன்பின் சாதுவான மாட்டோடு நுகத்தடியில் மட்டும் பூட்டி நடத்துங்கள், அப்புறம் வெறும் வண்டி, கடைசியில்தான் பாரம். பக்கத்து மாடு பயப்படாமல் நின்றால் இதுவும் நிற்கும். முடிந்தால் பழகிய மாட்டை வலத்தையிலும், மிரளும் மாட்டை இடத்தையிலும் பூட்டுங்கள். பக்கம் மாறினால் அதற்கும் சில நாள் பழக்கம் வேண்டும்.

வழியில் மிரண்டால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். கயிற்றை வெடுக்கென்று இழுக்காதீர்கள். வழக்கமாகப் பேசுகிற குரலில் பேசி, கழுத்துக்கு அடியில் தடவிக் கொடுங்கள். மாடுகள் ஒன்றையொன்று நக்கிக் கொடுக்கும் இடம் அது. பயந்த பொருளைப் பார்க்க விடுங்கள். நன்றாக மிரண்டுவிட்ட மாடு அடங்க 20, 30 நிமிடம்கூட ஆகும். அடங்கியபின் நாலு அடி முன்னே நடத்தி, அதற்குப் பிறகு வீட்டுக்குத் திருப்புங்கள்.

பழக்கும் நாட்களில் வண்டியில் குழந்தைகளை ஏற்றாதீர்கள். பிடிகயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். மாடு பாய்ந்தால் ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நான் சொன்ன விவசாயி மாட்டை விற்கவில்லை. வைத்தியம் பார்த்து, இடத்தைக்கு மாற்றி, ஒன்றரை மாதம் பொறுமையாகப் பழக்கினார். இப்போது அதே ரோட்டில் அந்த ஜோடிதான் கரும்பு ஏற்றிப் போகிறது. விற்றிருந்தால் அந்தப் பயம் வாங்கியவர் வீட்டுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்.