பத்திரிகை என்று வரும் எல்லாம் பத்திரிகை அல்ல



பெருநாள் கழிந்துவிட்டால் கோட்டாறிலும் இளங்கடையிலும் நிக்காஹ் பத்திரிகைகள் வரத் தொடங்கிவிடும். நேரில் வருவது பாதி, வாட்ஸ்அப்பில் வருவது பாதி. மோசடிக்காரர்கள் பிடித்துக்கொண்டதும் இந்த வழக்கத்தைத்தான். கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்புகளைத் திறக்காதீர்கள் என 2024 நவம்பரில் ஹிமாச்சலப் பிரதேச காவல்துறை எச்சரித்தது. போக்குவரத்து அபராத ரசீது என்றும் இதே கோப்பு வருகிறது.

அது படமே அல்ல. கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். நடுவில் ஜேபிஜி என்று இருந்தாலும் முடிவில் ஏபிகே என்றிருந்தால், அது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு. உண்மையான படம் தொட்டதும் திறக்கும். எதையும் நிறுவ அனுமதி கேட்காது. கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அனுமதித்தால், அடுத்து குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுமதி கேட்கும். அதையும் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி நாம் வாய் திறக்காமலேயே அவன் கைக்குப் போய்விடும்.

மின்னஞ்சல் பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. எஸ்விஜி என்பது படக்கோப்புதான். ஆனால் அதற்குள் நிரலையும் எழுதி வைக்கலாம். திறந்தால் பிரவுசரில் போலி உள்நுழைவுப் பக்கம் வந்து பாஸ்வேர்டு கேட்கும்.

"மச்சான் நம்பரிலிருந்துதானே வந்தது" என்பார்கள். மச்சானின் போனே அவர்கள் பிடியில் இருக்கலாம். ஒரு போன் போட்டுக் கேளுங்கள்; சலாம் சொன்னதாகவும் ஆகும்.

தெரியாமல் நிறுவிவிட்டால் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, வேறு போனிலிருந்து உடனே வங்கியையும் 1930 என்ற எண்ணையும் அழையுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் மறைக்கிறார்களே, அதுதான் பெரிய நஷ்டம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. புகார் எண்ணைக் கேட்டுக் குறித்து வையுங்கள்.

கல்வி உதவிக்கோ ஜகாத் உதவிக்கோ எந்தச் செயலியையும் நிறுவச் சொல்லி நம் அறக்கட்டளை அனுப்புவதில்லை. எங்கள் பெயரில் அப்படி வந்தால் திறக்காமல், அஸருக்குப் பிறகு போனோடு அலுவலகத்துக்கு வாருங்கள்.