ஜோம்பி கணக்கும் நாய்க்கடி ஊசியும்

ஜோம்பி ஊருக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று 2009-ல் கனடாவின் ஒட்டாவாவில் ராபர்ட் ஸ்மித்தும் சில மாணவர்களும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கடிபடாதவர், ஜோம்பி, செத்தவர் என்று ஊராரை மூன்று பெட்டிகளாகப் பிரித்தார்கள். தொற்றுநோய்களுக்காக 1927-ல் கெர்மாக்கும் மெக்கெண்ட்ரிக்கும் வகுத்த அதே முறைதான். செத்தவர் எழுந்து வருவது மட்டும் புதிது. திரும்பத் திரும்ப அடித்து ஒழித்தால்தான் ஊர் மிஞ்சும் என்று விடை வந்தது.

ஹெய்ட்டிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுடைய ஜோம்பி கடிப்பதே இல்லை. செத்த பிறகும் எவனோ எழுப்பி வேலை வாங்குவான் என்பதுதான் கரும்புத் தோட்ட அடிமைகளின் பயம். ஆளைத் தின்னும் பிணங்கள் 1968-ல் ஜார்ஜ் ரொமேரோவின் படத்தோடு வந்தவை.

கடித்துப் பரவும் நிஜ நோய் நம் தெருவிலேயே இருக்கிறது. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பவர் அனேகமாக இல்லை. ஆனால் கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியே மெல்ல ஊர்ந்துதான் மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். கடித்த பிறகு போடும் தடுப்பூசி பலிப்பது அதனால்தான். அதற்காக நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். முகத்திலோ கையிலோ கடித்தால் தூரம் குறைவு.

நாய் கடித்தால் முதலில் குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கழுவிப் பார்த்தால்தான் அது எவ்வளவு நீண்ட நேரம் என்று தெரியும், கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வீட்டில் ஒருவர் மஞ்சள்தூளோடும் இன்னொருவர் காப்பித்தூளோடும் வந்து நிற்பார்கள். எதையும் அப்ப விடாதீர்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயமும் வேண்டாம், அந்தப் பழைய மருந்து போய்விட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். ரத்தம் வந்திருந்தால் கடிவாயிலேயே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும், மறக்காமல் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தடுப்பூசிக்குக் காசு கிடையாது. அவசர சிகிச்சை தருவது அரசு, தனியார் இரு தரப்பு மருத்துவர்களுக்கும் கடமை என்று 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராவிட்டால் அது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பது என்று 1996-ல் இன்னொரு தீர்ப்பு. மருந்து இல்லை என்று கைவிரித்தால் 104 சுகாதார உதவி எண்ணை அழையுங்கள். வளர்ப்பு நாயைக் கவனமில்லாமல் அவிழ்த்துவிட்டவர்மீது பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் புகார் தரலாம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

நாய்களை அடித்து ஒழிப்பதுதானே வழி என்பவர்கள் ஜோம்பி விடையை இங்கே கொண்டுவருகிறார்கள். ஆனால் ரேபிஸ் அவ்வளவு வேகமாகப் பரவுவதில்லை. தட்டம்மை வந்த ஒருவர், தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். வெறிநாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே கொடுக்கிறது. கணக்குப்படி பாதி நாய்களுக்கு ஊசி போட்டாலே சங்கிலி அறுந்துவிடும். குட்டிகள் பிறந்துகொண்டே இருப்பதாலும் ஊசி போட்டவை சாவதாலும் 70 சதவீதத்தை இலக்காக வைக்கிறார்கள். கொன்று காலியாக்கிய தெருவுக்கோ ஊசி போடாத வேறு நாய்கள் வந்துவிடும்.

கடித்த நாய் சாகிறதா என்று பத்து நாள் பார்த்துவிட்டு ஊசிக்குப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஊசியை உடனே தொடங்கி, குறித்த நாட்களில் போட்டுக்கொண்டே நாயைப் பாருங்கள். அது நலமாகவே இருந்தால் மிச்ச ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.