விட்டுக்கொடுக்காத கதவு

"பாஸ், நடுவுல கம்பி, சட்டம் ஒண்ணும் வேணாம். ஒரே கண்ணாடியா வரணும்."

ஹற்றன், டிக்கோயா பக்கம் புது வீடு கட்டுகிற பலருக்கு இந்த ஆசை உண்டு. ஹோலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதோ மூன்றடிக் கதவு.

இதை வெறும் பகட்டு என்று நான் சொல்லமாட்டேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பிராவில் வளர்ந்தவருக்கு வெளிச்சம் என்றால் வாசற்கதவுதான். அதை மூடினால் பகலிலும் இருட்டு, அடுப்புப் புகை வேறு. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் எழுந்த வீடுகளும் 550 சதுர அடிதான். 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் மழையும் மூடுபனியுமாக நாட்கணக்கில் ஓடும்போது, முன்னறைக்கு வரும் வெளிச்சத்தைப் பின்னறையும் கடன் வாங்கத்தான் வேண்டும். கண்ணாடி அதற்குத் தோதான பொருள். ஒளி நுழையும் பக்கத்தில் சுமார் 4 சதவீதம், வெளியேறும் பக்கத்தில் சுமார் 4 சதவீதம் திரும்பிப் போகும். மீதியில் பெரும்பகுதி அடுத்த அறைக்குக் கிடைத்துவிடும்.

பழைய துரை பங்களாக்களின் கண்ணாடிக் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். மரச் சட்டத்துக்குள் சின்னச் சின்னக் கட்டங்கள். இன்று அது அழகாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் காலத்தில் அலையில்லாத பெரிய கண்ணாடி வேண்டுமென்றால் இரு பக்கமும் தேய்த்து மெருகேற்ற வேண்டும், விலை ஏறிவிடும். உருக்கிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959 இல் அறிவித்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்று 6 மீற்றருக்கு 3.21 மீற்றர் தகடு உலகச் சந்தையில் சாதாரணம். ஆகவே அகலமான கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. அதைத் தாங்கும் சுவரில்தான் சிக்கல்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, மில்லிமீற்றர் தடிப்புக்கு இரண்டரைக் கிலோ. 10 மில்லிமீற்றர் தடிப்பில் மூன்றடி அகலம், ஏழடி உயரக் கதவு ஏறக்குறைய 49 கிலோ. ஆறடி அகலமானால் 98 கிலோ. எடை இரண்டு மடங்குதான். ஆனால் அந்த எடையின் மையமும் பிணைச்சலிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போகிறது. பிணைச்சல்களுக்கு இடையில் ஐந்தரை அடி என்றால், சிறிய கதவு மேல் பிணைச்சலைப் பக்கவாட்டில் இழுப்பது சுமார் 13 கிலோ விசையில். பெரியது 53 கிலோவில். நான்கு மடங்கு! உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லில் முடுக்கிய ஆணி இந்த இழுவைக்கு எத்தனை நாள் தாங்கும்?

இரண்டு வழி உண்டு. மேலே தண்டவாளம் பொருத்தி, பக்கவாட்டில் இழுக்கும் கதவாகத் தொங்கவிடலாம். பாரம் லின்டலுக்குப் போய்விடும். அல்லது ஆறடியை இரண்டு மூன்றடிச் சிறகாகப் பிரித்து, இரு பக்கமும் பதின்மூன்று பதின்மூன்று கிலோவாக இழுவையைப் பங்கு போடலாம். நான் இரண்டாவதற்கே வாக்களிப்பேன். "ஒரே கண்ணாடி" ஆசை நிறைவேறாதுதான். ஆனால் சமையலறைச் சத்தமும் வாடையும் இழுவைக் கதவின் இடுக்கில் வருவதுபோல் அதில் வராது. ஐம்பது கிலோ கண்ணாடியைக் கினிகத்தேனைக் கொண்டைவளைவுகளில் நிமிர்த்திவைத்து ஏற்றி வருவதும், லோறி போகாத தோட்டத்துப் படிகளில் இரண்டு பேர் தூக்குவதும் நடக்கக்கூடிய காரியம்.

அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டுக்குள் வைக்க வேண்டியது பதப்படுத்திய கண்ணாடி. 600 பாகைக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றடித்துச் சட்டென்று குளிர்விப்பார்கள். தோல் முதலில் இறுகும். உள்பகுதி பிறகு ஆறிச் சுருங்கி, தோலை உள்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இறுக்கம்தான் அதன் பலம்; உடைந்தாலும் கத்திபோலக் கீறாமல் மணிமணியாக உதிர்வதும் அதனால்தான். அதே இறுக்கத்தால் பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. கால் அங்குலம் கூடிப்போனால் புதுக் கண்ணாடிதான். எனவே பூச்சு முடிந்து, தரை ஓடும் பதித்த பிறகே அளக்க வேண்டும்: அகலத்தை மூன்று இடத்தில், உயரத்தை மூன்று இடத்தில், மூலைக்கு மூலை இரண்டு தடவை. கிடைப்பதில் சிறிய அளவுதான் கணக்கு.

மரம் இப்படியில்லை. ஈரம் ஒரு சதவீதம் கூடினாலே, குறுக்கு வாட்டத்தில் மீற்றருக்கு 2 மில்லிமீற்றர் அளவில் விரியக்கூடியது. தென்மேற்குப் பருவமழையில் கதவு இறுகுவதும், பாஸ் இழைப்புளியோடு வருவதும் மலைநாட்டு வீடுகளின் வருடாந்தச் சடங்கு. கண்ணாடி ஈரத்தைக் குடிக்காது. வெப்பநிலை 15 பாகை மாறினாலும் ஆறடிக் கண்ணாடி கால் மில்லிமீற்றர்தான் நீளும். சமையலறையில் சோறு கொதிக்கும்போது குளிர்ந்த கண்ணாடி வியர்க்கும், அவ்வளவுதான், துடைத்துவிடலாம். வழியும் நீர் தேங்கும் கீழ்ச்சட்டம் மட்டும் துருப்பிடிக்காத உலோகமாக இருக்கட்டும்.

அளவு மாறாத கண்ணாடியின் இந்தப் பிடிவாதத்தில் மலைநாட்டுக்கு ஒரு பயனும் உண்டு. சரிவில் மண் நகரத் தொடங்கினால் கதவு நிலை கோணுவதும் சுவர் வெடிப்பதும் முன்னறிகுறிகள். மரக்கதவு இறுகினால் மழையைக் குற்றம் சொல்லிவிட்டு இழைத்துவிடுவோம். கண்ணாடிக் கதவு இறுகினால் அந்தச் சாக்கு செல்லாது. பிணைச்சல் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தும் கதவுக்கு மேலுள்ள இடைவெளி ஒரு பக்கம் குறுகி, நிலையின் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக வெடிப்பும் ஓடினால், நகர்வது நிலம்தானோ என்று சந்தேகிக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதை நாம் மறந்திருக்க முடியாது.

அப்படியொரு வெடிப்பைக் கண்டால் பாஸைக் கூப்பிடாதீர்கள். மழை விடாமல் பெய்கிறது என்றால் முதலில் பிள்ளைகளோடு வீட்டைவிட்டு வெளியேறுங்கள். பிறகு கிராம சேவகரிடம் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.